வீட்டில் கிடார் கட்ட ஒரு பட்டறை: 10க்கு 12 அடி அறை, ஒரு லட்சம் பட்ஜெட், சென்னை ஈரம்

தாம்பரம்_தந்தி:

வணக்கம் நண்பர்களே. அகூஸ்டிக் கிடார் ஒன்றை நானே கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டீல் தந்தி, நடுத்தர உடல், அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒன்றோடு நிறுத்தவும் போவதில்லை, அதனால் ஒழுங்கான பட்டறையாகவே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இடம் இரண்டு இருக்கிறது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட பெரிய அறை ஒன்று, அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கீழே 10க்கு 12 அடியில் ஒரு அறை, இப்போது பழைய பீரோ, உடைந்த நாற்காலி, அப்பாவின் புத்தக மூட்டை எல்லாம் அதில்தான் கிடக்கிறது, ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. மரம் தவிர கருவிகளுக்கு ஒரு லட்சம் வரை ஒதுக்க முடியும். பாண்ட்சா, டேபிள் சா, டிரம் சாண்டர், பெஞ்ச் டிரில் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே கை டிரில், ஜிக்சா இருக்கின்றன. எதை முதலில் வாங்கலாம்? மாடியா, கீழா?

பெங்களூரு_ரவுட்டர்:

மாடி அறைதான் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். முதலில் 14 இன்ச் பாண்ட்சா. கட்டையை வாங்கி நீங்களே பலகை பலகையாக அறுக்க முடியும் என்றால் மரச் செலவு பாதியாகிவிடும். டேபிள் சாவை அடித்துவிடுங்கள், கிடாருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. டிரம் சாண்டரை மோட்டார் வாங்கி நாமே செய்துகொள்ளலாம், யூடியூபில் நிறைய இருக்கிறது.

புதுவை_பிரிட்ஜ்:

மாடி அறை வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம்.

நான் புதுச்சேரியில் கிடார் பழுது பார்க்கிறேன், கடலோரம் என்பதால் ஈரம் கிடாரை என்ன செய்யும் என்பதைத் தினமும் மேசை மேல் பார்க்கிறவள். என்னிடம் வரும் கிடார்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வெளிநாட்டில் உலர்ந்த அறையில் கட்டி இங்கே வந்தது: டாப், அதாவது முன்பக்கப் பலகை, உப்பிக்கொண்டு, தந்தி ஏறி, கழுத்தில் பதித்த 12ஆவது ஃப்ரெட் கம்பிக்கு மேல் விரல் வைக்க முடியாமல் வரும். அதையாவது தந்தி உட்காரும் சேடில் துண்டைத் தேய்த்து சமாளித்துவிடலாம். இன்னொன்று இங்கேயே மழைக்காலத்தில் கட்டி, அப்புறம் டெல்லிக் குளிருக்கோ நாள் முழுக்க ஏசி ஓடும் ஃபிளாட்டுக்கோ போய்த் திரும்பியது. டாப்பில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நீளமாக வெடித்திருக்கும், பேக் பலகை உள்ளே ஒட்டிய பிரேஸ் சட்டத்திலிருந்து விட்டிருக்கும், விரல் பலகையின் ஓரத்தில் ஃப்ரெட் நுனிகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 75% இருக்கும் இடத்தில் மரத்துக்குள் 14% அளவுக்கு நீர் நிற்கும். அதே மரம் 45% காற்றில் 8, 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த டாப்பின் அகலம் 400 மி.மீ. என்று வையுங்கள், இந்த வித்தியாசத்துக்கு அது குறுக்குவாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். நீளவாட்டில் ஒன்றும் ஆகாது. ஆனால் பிரேஸ்களை நாம் டாப்பின் ரேகைக்குக் குறுக்கே ஒட்டியிருக்கிறோம், அவை சுருங்க விடாது. சுருங்க வழியில்லாத பலகை வெடிப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

அதனால்தான் உலகம் முழுக்க கிடார் கட்டுகிறவர்கள் 45 முதல் 50 சதவீதத்துக்குள் அறையை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் தகரக் கூரை அறையில் மதியம் ஒரு ஈரப்பதம், விடியற்காலை இன்னொன்று, ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். கீழ் அறையை எடுங்கள். ஒரு லட்சத்தில் முதல் செலவு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபயர். அது வாங்காமல் பாண்ட்சா வாங்கி என்ன பிரயோஜனம்?

தாம்பரம்_தந்தி:

அக்கா, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. கீழ் அறையில் ஏசி போட முடியும், அது போதாதா? டீஹ்யூமிடிஃபயர் என்ற பொருளை யார் வீட்டிலும் பார்த்ததே இல்லை.

புதுவை_பிரிட்ஜ்:

ஏசி ஓடும்போது ஈரத்தை இழுக்கும், உண்மை. ஆனால் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் மறுபடி ஏறும். இன்வர்ட்டர் ஏசி மெதுவாக ஓடும்போது இன்னும் குறைவாகத்தான் இழுக்கும். ஏசிக்கு வெப்பம்தான் கணக்கு, ஈரம் அதன் வேலை இல்லை. கம்ப்ரசர் வைத்த சின்ன டீஹ்யூமிடிஃபயர் நம் ஊர் சூட்டில் நன்றாகவே வேலை செய்யும், அறையைக் கொஞ்சம் சூடாக்கும் என்பதுதான் குறை. இரண்டும் இருந்தால் உத்தமம். ஒன்றுதான் முடியும் என்றால் டீஹ்யூமிடிஃபயர், கூடவே ஒரு ஃபேன்.

ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தள்ளிக் காட்டுவது சாதாரணம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு தண்ணீர் விடுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் குணம். மீட்டர் 81 காட்டினால் அது 6 அதிகம் காட்டுகிறது, ஸ்டிக்கரில் எழுதி மீட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

ரொறன்ரோக்_கிற்றார்:

புதுவை அக்கா சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. நான் ரொறன்ரோவில் பேஸ்மென்ற் ஒன்றில் கிற்றார் கட்டுறனான். எங்களுக்கு உங்கட பிரச்சினையின் மறுபக்கம். பனிக்காலத்தில் ஹீற்றர் ஓடி வீட்டுக்குள்ள ஈரப்பதம் 25 வரைக்கும் விழும், ஹியூமிடிஃபயர் போடாமல் ஒரு பலகையும் ஒட்ட ஏலாது. கோடையில் அதே பேஸ்மென்ற் 70ஐத் தொடும், அப்ப டீஹ்யூமிடிஃபயர். ஆக வருசம் முழுக்க இரண்டில் ஒரு மெசின் ஓடிக்கொண்டே இருக்கும்.

இடம் சின்னன் எண்டு கவலைப்படாதையுங்கோ. இந்த ஊரில ஜான் லாரிவே எண்டு ஒருத்தர், 60களின் கடைசியில வீட்டில வைச்சுத்தான் கிளாசிக்கல் கிற்றார் கட்டத் தொடங்கினவர். பிறகு அவரிட்ட வேலை பழகின லிண்டா மான்சர்தான் 1984இல் ஜாஸ் கிற்றார் வாசிக்கிற பாட் மெத்தினிக்கு 42 தந்தி வைச்ச பிக்காசோ கிற்றாரைக் கட்டிக் குடுத்தவ. ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் ஒரே அளவு ஈரமும் இருந்தால் காணும்.

கோவை_பேட்டர்ன்:

நானும் பேசலாமா. எனக்குத் தொழில் பவுண்டரிக்கு மர பேட்டர்ன் செய்வது, கிடார் பக்கம் பின்னாளில்தான் வந்தேன். பேட்டர்ன் வேலையில் அரை மில்லி பிசகினால் வார்ப்பே வீண், அந்தப் பழக்கம் கிடாருக்கு நன்றாக உதவுகிறது.

மெஷின் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பட்டறைக்கு முதலில் வேண்டியது ஒரு சமதளம். எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்பதற்கு ஒரு ஆதாரம் இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மெஷினும் கோணலைத்தான் வேகமாகச் செய்து தரும். பெரிய சர்ஃபேஸ் பிளேட் வாங்கச் சொல்லவில்லை. கிரானைட் கடைக்குப் போங்கள். சமையல் மேடையில் சிங்க் வைக்க வெட்டி எடுக்கும் துண்டு இருக்கிறதே, ஒன்றரை அடிக்கு இரண்டடி வரும், அதைக் கடைப் பின்னால் குப்பையாகத்தான் அடுக்கியிருப்பார்கள். கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். போகும்போது ஒரு நல்ல ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜும், இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜும் எடுத்துப் போய், நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. இதழ் எங்கேயும் நுழையவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வாருங்கள். 80 நம்பர் உப்புத்தாளை அதன் மேல் ஒட்டினால் டாப், பேக் இணைப்பு ஓரங்களை நேராக்கலாம், இழைப்புளியின் அடிப்பாகத்தைச் சமமாக்கலாம். உளிகூட அதில் தீட்டலாம். இன்றைக்கும் என் மேசையில் அதிகம் தேய்வது அந்தக் கல்தான்.

அடுத்தது தீட்டுவது. இழைப்புளி ஒன்று பெரியது, ஒன்று கைக்குள் அடங்குகிற சின்னது. உளி மூன்று அளவில். 1000, 6000 நம்பர் கல், கடைசியில் தோலில் ஒரு இழுப்பு. பிரேஸைச் சீவும்போது உளி முனை மழுங்கியிருந்தால் ஸ்ப்ரூஸ் நசுங்குமே தவிர வெட்டுப்படாது. முன்கை முடியைச் சிரைக்கிற கூர் வரும்வரை மரத்தைத் தொடாதீர்கள்.

மூன்றாவது ஜிக். கிடாரில் பாதி வேலை கிடாரைப் பிடித்து நிறுத்துவதுதான். உடல் வடிவத்துக்கு 18 மி.மீ. பிளைவுட்டை நான்கைந்து அடுக்காக ஒட்டி ஒரு அச்சு. அப்புறம் டாப்புக்கும் பேக்குக்கும் குழிவான டிஷ். பலகை தட்டையாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை, லேசான வளைவோடுதான் பிரேஸை ஒட்டுவோம். டாப்புக்கு 25 அடி ஆரம், பேக்குக்கு 15 அடி ஆரம் என்பது பொதுவான அளவு. 600 மி.மீ. விட்டமுள்ள எம்.டி.எஃப். தட்டில் பார்த்தால் 25 அடி ஆரத்துக்கு நடுவில் 6 மி.மீ. பள்ளம்தான், 15 அடிக்கு 10 மி.மீ. மரம் குடையும் ரவுட்டர் மெஷினை ஒரு வளைந்த சட்டத்தில் ஓட்டி நாமே குடைந்துவிடலாம்.

பிரேஸ் ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க வெளிநாட்டில் ஃபைபர் குச்சி விற்கிறார்கள். நமக்கு எதற்கு? மூங்கில் பிளாச்சு போதும். மேசைக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு பலகையைக் கெட்டியாக நிறுத்தி, அந்த இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமான பிளாச்சை வளைத்து நடுவில் செருகினால் அது நிமிரப் பார்க்கும் விசையில் பிரேஸ் அமுங்கி நிற்கும். ஒரே நேரத்தில் இருபது இடத்தில் அழுத்தம், கிளாம்ப் செலவே இல்லை.

பெங்களூரு_ரவுட்டர்:

அண்ணே, எல்லாம் சரி, ஆனால் இப்படிப் போனால் தம்பி முதல் கிடாரை வாசிக்கும்போது அவர் பையன் கல்லூரிக்குப் போயிருப்பான். :) பட்டறை வைக்கிறவர் முதலில் ஒரு சாலிட் பாடி எலெக்ட்ரிக் கட்டட்டும். ஈரப்பதக் கவலை பெரிதாக இல்லை, 45 மி.மீ. கனத்துக் கட்டைக்கு அந்தப் பயம் கிடையாது. லியோ ஃபெண்டர் 1950இல் செய்த வடிவம், நாலு ஸ்க்ரூவில் நெக் மாட்டுவது, தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் செய்யும்படி யோசித்த விஷயம். ஒரு ரவுட்டர், டெம்ப்ளேட், பெஞ்ச் டிரில் போதும். நெக் செய்வதும் ஃப்ரெட் போடுவதும் அகூஸ்டிக்குக்கும் அதே வேலைதான், அந்தக் கை பழகிவிடும்.

புதுவை_பிரிட்ஜ்:

இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரெட் வேலைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் தம்பிக்கு ஒட்டுச் சுவர் இருக்கிறது. 10 அடி அறையில் ரவுட்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அகூஸ்டிக் வேலையில் பெரும்பகுதி கைக்கருவிதான். ராத்திரி பதினொரு மணிக்குப் பிரேஸ் சீவலாம், யாருக்கும் கேட்காது. ஸ்பெயினில் கட்டினவர்கள் மின்சாரம் வருவதற்கு முன்னாலேயே சின்ன அறைகளில் கட்டினவர்கள்தானே. அந்த நாட்டுக் கிடார் கலைஞர் தோரஸ் 1862இல் பக்கமும் பின்னும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, டாப்பை மட்டும் ஸ்ப்ரூஸில் போட்டு ஒரு கிடார் கட்டினார், அது இன்னும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாப்பும் அதன் பிரேஸும்தான் சத்தத்தின் பெரும்பங்கு என்று காட்டவே அப்படிச் செய்தார். அதனால் காசையும் கவனத்தையும் டாப்பில் போடுங்கள். பேக்குக்கு என்ன மரம் என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தாம்பரம்_தந்தி:

மண்டையை உடைத்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா, பேக், சைடுக்கு ஈட்டி மரம் என்று. நம்ம ஊர் மரம்தானே, உலகம் முழுக்க இந்தியன் ரோஸ்வுட் என்று நம்மிடமிருந்துதானே வாங்குகிறார்கள், இங்கே சுலபமாகக் கிடைக்குமே?

மரவாடிப்_பேரன்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் மரவாடிதான்.

ஈட்டி, சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள், சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1994இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்ற நிலைமை வந்தது. யாராவது ரசீது இல்லாமல் கட்டை தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். வெளிநாட்டு வர்த்தகத்திலும் 2017 ஜனவரியிலிருந்து இந்தக் குடும்பத்து மரங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் வந்தன. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள், மரமாக அனுப்பக் காகிதம் இன்னும் வேண்டும். நீங்கள் கட்டும் கிடாரை நாளைக்குத் தங்கை அமெரிக்காவுக்கு எடுத்துப்போக வேண்டுமானாலும் ரசீது கையில் இருப்பது நல்லது.

நல்ல வழி பழைய மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுச் சாமான்கள் கிடைக்கும், ஈட்டிக் கட்டில் கால், மேசைப் பலகை என்று. எழுபது எண்பது வருஷம் காய்ந்த மரம், ஈரத்துக்கு ஏற்ப இதுவும் அசையும், ஆனால் புது மரம்போல் நெளியாது. ஆணி மட்டும் இருக்கும். சாமில்லில் ஆணி பட்டு பிளேடு போனால் அடுத்த தடவை உங்களை உள்ளேயே விட மாட்டார்கள், அதனால் ஒரு மெட்டல் டிடெக்டரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, பழைய சாமானில் 200 மி.மீ. அகலத்தில் பலகை கிடைப்பது அபூர்வம். பேக்கை மூன்று, நான்கு துண்டாகச் சேர்த்துக் கட்டுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை, பார்க்கவும் அழகு.

நெக்குக்கு மகோகனி. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இப்போது நிறைய வளர்க்கிறார்கள், இளமரம் கொஞ்சம் லேசாக இருக்கும், ஆனால் நெக்குக்கு லேசு நல்லதுதான். பலகையின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கிற துண்டை எடுங்கள், படுத்துக் கிடக்கிறது திருகிக்கொள்ளும். விரல் பலகைக்கு ஈட்டியின் ஓரத் துண்டே போதும். கருங்காலி கேட்டுப் போனால் இப்போது எல்லோரும் மாலை செய்து விற்கிற மோகத்தில் விலை எங்கேயோ இருக்கிறது, அதுவும் கட்டையைத் திறந்தால் பாதி வெள்ளை.

ஸ்ப்ரூஸ் மட்டும் வரவழைக்க வேண்டியதுதான். வாத்தியத்துக்கென்று ஜோடியாக அறுத்து வருவதை வாங்குங்கள், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கட்டைகளில் தேடிக்கொண்டிருந்தால் காலம் போய்விடும்.

தாம்பரம்_தந்தி:

ரொம்ப நன்றி. ஒரு யோசனை, சிரிக்காதீர்கள். அறை முழுக்க ஈரம் குறைப்பதற்குப் பதிலாக அந்தப் பழைய பீரோவுக்குள் ஒரு பல்பைப் போட்டு, மரத்தை அதிலேயே வைத்துக்கொண்டு, ஒட்டும்போது மட்டும் வெளியே எடுத்தால் என்ன? டீஹ்யூமிடிஃபயர் காசு மிச்சம்.

கோவை_பேட்டர்ன்:

சிரிக்க ஒன்றுமில்லை, கணக்கு சரியாக வரும். 30 டிகிரியில் 75% ஈரம் இருக்கும் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 43க்கு இறங்கும், ஒரு சொட்டு நீரையும் வெளியே எடுக்காமலே. பழைய குண்டு பல்பு ஒன்று, ஒரு தெர்மோஸ்டாட், உள்ளே காற்றை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், மேலும் கீழும் சின்னத் துளை. மரப்பலகைகளை இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள்.

புதுவை_பிரிட்ஜ்:

மரத்தைச் சேமித்து வைக்க நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. கட்டும்போது நடப்பதை யோசியுங்கள். டாப்பை 2.8 மி.மீ.க்குச் சீவிவிட்டீர்கள், அந்த மெல்லிசுப் பலகை வெளியே எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஈரம் குடிக்க ஆரம்பித்துவிடும். எக்ஸ் வடிவ பிரேஸ் ஒட்ட வேண்டும், பசை காய ராத்திரி முழுக்க மூங்கில் குச்சிக்கு அடியில் கிடக்க வேண்டும், அத்தனை நேரமும் அது 75% அறையில்தானே இருக்கும்? பீரோவுக்குள் குச்சி ஏற்பாட்டையே வைக்க முடியுமானால் சரி.

கோவை_பேட்டர்ன்:

முடியும். இரண்டு தட்டைக் கழற்றிவிட்டால் பீரோ அகலத்துக்கு டிஷ் போகும், பீரோவின் தகரத்தில் நேராக முட்டுக் கொடுக்காமல் மேலே ஒரு பிளைவுட் கட்டம் போட்டால் பிளாச்சு நிற்கும். பசை பிடிக்கிற வேலையெல்லாம் உள்ளே, சீவுகிற வேலையெல்லாம் வெளியே. ஆனால் உடலைப் பெட்டியாக மூடும் கட்டம் வரும்போது அக்கா சொல்வதுதான் சரி, அந்த வாரத்துக்காவது அறையே உலர்ந்திருக்க வேண்டும். சென்னையில் அப்படி இயற்கையாக அமைகிற வாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

புதுவை_பிரிட்ஜ்:

அதனால்தான் முதலில் இருந்தே டீஹ்யூமிடிஃபயர் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். பீரோவை மரக்கிடங்காக வையுங்கள், அதையும் இதையும் சேர்த்தே செய்யுங்கள்.

பெங்களூரு_ரவுட்டர்:

சரி, என் பாண்ட்சா தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. சைடு பலகையைச் சூடாக்கி வளைக்க மின்சார சிலிகான் ஹீட்டிங் பிளாங்கெட் வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால் வோல்ட்டேஜைப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளில் 115 வோல்ட்டுக்குச் செய்ததுதான் முதலில் கண்ணில் படும். அதை நம் 230இல் செருகினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு சூடு. பிளாங்கெட்டும் போகும், மரமும் போகும், வீடும் போகலாம். அறைக்கு ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த், எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள்.

கோவை_பேட்டர்ன்:

முதல் கிடாருக்கு பிளாங்கெட்டே வேண்டாம். இரண்டு இன்ச் அலுமினியக் குழாய் ஒன்றை வைஸில் பிடித்து, உள்ளே ஹீட் கன்னை ஊதவிட்டால் போதும். குழாயில் ஒரு சொட்டு தண்ணீர் தெளித்தால் நிற்காமல் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். சைடை 2 மி.மீ.க்குச் சீவி, ஈரத் துணியால் துடைத்து, குழாயில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாக அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் விறைப்பாகத் திருப்பித் தள்ளும், அப்புறம் திடீரென்று மரம் கைக்கு இளகிக் கொடுக்கும். அந்த இளக்கம் வரும்முன் பலம் போட்டால் இடுப்பு வளைவில் ஒடியும். வளைவின் வெளிப்பக்கத்தை எப்போதும் ஒரு தகரப் பட்டையால் தாங்கிக்கொள்ளுங்கள், வெளிப்பக்க நார் பிளக்காது.

ரொறன்ரோக்_கிற்றார்:

தூசைப் பற்றி ஒருதரும் கதைக்கேல்லை. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனமே முதல் பிரிவில் போட்டிருக்கு. அதிலயும் ஈட்டித் தூசு சிலருக்குத் தோலில் சொறியும் மூச்சிழுப்பும் தரும், ஒருக்கா ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டேதான் போகும். எங்கட ஆக்கள் முகத்தில துவாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்வினம், அது கண்ணுக்குத் தெரியிற தூளை மட்டும்தான் மறிக்கும், நுரையீரலுக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். N95 ஆவது போடுங்கோ. வாக்குவம் கிளீனருக்கு முன்னால தூசைச் சுழற்றிப் பிரிக்கிற ஒரு சைக்ளோன் வாளி வையுங்கோ. தூசைக் கூட்டாதையுங்கோ, உறிஞ்சி எடுங்கோ. பத்தடி அறையில் டீஹ்யூமிடிஃபயருக்காகக் கதவு யன்னல் எல்லாம் பூட்டித்தான் வேலை செய்யப் போறியள், அதனால இது உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

புதுவை_பிரிட்ஜ்:

நல்லவேளை சொன்னீர்கள். முடிந்தவரை உப்புத்தாளைக் குறைத்து இழைப்புளியாலும் ஸ்கிரேப்பராலும் முடியுங்கள், சீவல் சுருள்சுருளாகத் தரையில் விழும், காற்றில் மிதக்காது. மெஷினில் தேய்க்கும் வேலையை மட்டும் மாடிக்கு எடுத்துப்போங்கள். தகரக் கொட்டகை அதற்காவது பயன்படட்டும்.

பசையையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். கதவு ஜன்னலுக்குப் போடுகிற வெள்ளைப் பசை பலகைகளை இணைக்க ஓரளவு சரி, டாப்பில் தந்திகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜுக்கு வேண்டாம். ஆறு தந்தியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், வெயிலில் நிறுத்தின காருக்குள் அந்தப் பசை இளகி பிரிட்ஜ் மெல்ல முன்னால் நகரும். வாத்தியக்காரர்கள் போடும் மஞ்சள் பசை, இல்லாவிட்டால் பழைய ஆசாரிமார் தோலிலிருந்து காய்ச்சின வச்சிரம். வச்சிரம் நன்றாக இறுகிவிடும், பின்னாளில் பழுது பார்க்கவும் சூடு காட்டிப் பிரிக்கலாம். வாடைதான் வீட்டில் சண்டையைக் கிளப்பும்.

தாம்பரம்_தந்தி:

பட்டியலைத் திருப்பி எழுதிவிட்டேன். கீழ் அறை. டீஹ்யூமிடிஃபயர், இரண்டு ஹைக்ரோமீட்டர், எலெக்ட்ரீஷியன், கனமான மேசை, கிரானைட் துண்டு, இரண்டு இழைப்புளி, உளி, கற்கள், ஃப்ரெட் ரம்பம், சின்ன டிரிம் ரவுட்டர், சைக்ளோன் வாளி, மாஸ்க். கட்டையை சாமில்லில் அறுத்துக்கொள்கிறேன். ஃப்ரெட் இடைவெளிக்குக் கணக்குப் போட்டேன்: 650 மி.மீ. தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.48, மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது 34.43. இப்படியே ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போகலாம்தானே?

கோவை_பேட்டர்ன்:

கணக்கு சரி, அளக்கிற முறையை மாற்றுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் ஒவ்வொரு தடவையும் கால் மில்லி தப்பி, 12ஆவது வரும்போது சுருதி எங்கேயோ நிற்கும். எல்லாவற்றையும் கூட்டி வைத்துக்கொண்டு நட்டிலிருந்தே, அதாவது நெக்கின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் துண்டிலிருந்தே, அளங்கள். 36.48, 70.91 என்று போகும், 12ஆவது சரியாக 325இல் விழ வேண்டும். அது விழுந்தால் மற்றதெல்லாம் விழும். ரம்பத்தின் வெட்டு அகலம் 0.6 மி.மீ. அளவில் இருக்கட்டும், வாங்குகிற ஃப்ரெட் கம்பியின் அடிநாக்கை அளந்துவிட்டு ரம்பம் வாங்குங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

தாம்பரம்_தந்தி:

கடைசியாக ஒன்று. இப்போது தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகையில்தான் பாலிஷ் கட்டம் வரும் போலிருக்கிறது. அரக்கு பாலிஷா, லாக்கர் ஸ்பிரேயா?

புதுவை_பிரிட்ஜ்:

அந்த அறையில் ஸ்பிரே கூடவே கூடாது. நைட்ரோ லாக்கரின் ஆவி தீப்பற்றும், நீங்களோ கதவை மூடி மோட்டார் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் போகும். அரக்கு பாலிஷ்தான். மெழுகு நீக்கின அரக்குச் செதில் வாங்கி, ஸ்பிரிட்டில் நீங்களே கரைத்துக்கொள்ளுங்கள், கரைத்து வெகுநாள் வைத்திருந்ததைப் போட்டால் காயாமல் பிசுபிசுக்கும். உங்கள் பகுதியில் பழைய பாலிஷ்காரர் யாராவது இருந்தால் துணிப் பொட்டலத்தை எப்படிப் பிடித்து எட்டு போல் சுற்றுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வீடியோவில் அந்தக் கை அழுத்தம் தெரியாது.

கார்த்திகையில் முடிந்தால் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய பூச்சு, கை வியர்வை ஸ்ப்ரூஸில் இறங்காமல் இருக்க, அவ்வளவுதான். அப்படியே தந்தி கட்டி வாசியுங்கள். இரண்டு மாதத்தில் நெக் எவ்வளவு வளைகிறது, பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் எவ்வளவு எழும்புகிறது என்றெல்லாம் தெரிந்துவிடும், நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம், பிரேஸ் கனமாகப் பட்டால் சவுண்ட் ஹோல் வழியாகக் கையை விட்டுக் கொஞ்சம் சீவலாம். மாசி பங்குனியில் நெக்குக்கும் உடலுக்கும் சேர்த்து முழு பாலிஷ் போடுங்கள்.